மேற்கு வரிசைச் செந்தூரா

எங்கள் அப்பா பிறந்தது குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்தில், மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பத்தில். பதினெட்டு வயதில் ஓசூர்த் தொழிற்சாலையில் லேத் எந்திரம் பிடித்தவர், ஓய்வு பெறும்வரை ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை. நூலளவு பிசகையும் பொறுக்கமாட்டார். அவருக்குக் கோபம் வந்தால் வீட்டில் சத்தமே இருக்காது. எங்களை ஆளாக்கியதும் அந்தக் கண்டிப்புதான்.

ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பே ஊரில் மாந்தோப்பு வைத்தார். ஊரிலேயே விவசாயம் பார்த்த சித்தப்பா, தன் நிலத்துச் செந்தூரா மாமரத்திலிருந்து ஒட்டுக்கட்டிக் கன்றுகள் கொடுத்தார். காய்ப்புக்கு வந்தபோது மேற்கு வரிசைப் பழம் மட்டும் சப்பென்று இருந்தது.

"அந்த வரிசைக்குக் காட்டு மரத்துக் குச்சிய ஒட்டி என் தலையில கட்டிட்டான்" என்றார் அப்பா. அதோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தினார். என் கல்யாணத்தில்கூட ஆளுக்கொரு பந்தியில் சாப்பிட்டார்கள்.

ஊர்ப்பக்கம் நால்வழிச் சாலை வேலை நடந்த காலத்தில் அப்பாவுக்கு இதயம் பலவீனமானது. தம்பியோடு பேசாமலே போய்விடுவாரோ என்று பயந்தேன். பெங்களூரில் என் வேலையே, பழம் பழுக்கையில் சர்க்கரை உண்டாக்கும் நொதிகளின் மரபணுக்களை ஆராய்வதுதான். சித்தப்பாவின் தாய்மரத்து இலையையும் எங்கள் மேற்கு வரிசை இலையையும் கொண்டுபோய், மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தேன். வித்தியாசமே இல்லை.

"மரம் ஒண்ணுதாம்ப்பா. நிறத்துக்கு வேற மரபணு, இனிப்புக்கு வேற. மேற்கு வெயில்ல தோல் சீக்கிரம் செவக்குது, நீங்க அதப் பாத்து முதல்ல பறிச்சிடறீங்க. உள்ள மாவு சேர்ந்தாத்தான நொதி அத சர்க்கரையாக்கும்?"

அந்த வருடம் அப்பா மேற்கு வரிசையில் இரண்டு மரங்களைப் பறிக்காமல் விட்டார். இருபது நாள் கழித்துப் பறித்து, பழுக்கவைத்து, ஒரு துண்டு வாயில் போட்டார்.

"வண்டிய எடும்மா. அவன் வீட்டுக்குப் போலாம்."

சித்தப்பா பழத்தை முழுசாகத் தின்றுவிட்டுத்தான் பேசினார். "பறிக்கறதுக்கு முன்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேண்ணா."

"கேக்கலடா. தப்பு என்னுதுதான்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கடைசி மூன்று மாதமும் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டது சித்தப்பாதான். மருத்துவமனைக்கு ஓடிவந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அத்தைக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

முதலாண்டு நினைவு நாளான இன்று உங்கள் சாப்பாட்டு இலையில் இருப்பது மேற்கு வரிசைப் பழம். சித்தப்பா சொன்ன நாளில் பறித்தோம்.