திறக்க மறுத்த கேட்டலாக்

இன்று காலை ஆண்டர்சன்பேட்டையில் உள்ள என் ஸ்டுடியோவுக்கு ஸ்டெல்லா வந்தாள். நேற்று அவள் அப்பா இறந்துவிட்டார். மூன்று மணிக்கு அடக்கம்.

"என் கல்யாணத்துல அப்பா சிரிக்கிற மாதிரி எடுத்தீங்களேண்ணா, அத பெருசா போட்டுக் குடுங்க."

கம்ப்யூட்டரில் எந்தப் படம் எந்த ஆல்பம் என்று காட்டும் போட்டோ கேட்டலாக் பழுதாகியிருந்தது. அதிலேயே இருக்கும் ரிப்பேரை ஓட்டினேன், பாதியில் நின்றது. படங்கள் டிஸ்கில் இருந்தன. ஆனால் நாற்பதாயிரம் படங்களில் அவர் படம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"இன்னாண்ணா, இல்லியா?"

"இரும்மா."

கேட்டலாக்கின் போன மாத பேக்கப்பைத் திறந்தேன். திறந்தது. அவள் கல்யாண ஆல்பத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா திரையையே பார்த்தாள்.

"அன்னிக்கு காலைலேந்து அவருக்கு அம்மாகிட்ட சண்டை. கேமராவப் பாத்ததும் இன்னா சிரிப்பு பாருங்க" என்றாள், அழுதுகொண்டே.

உங்கள் வீட்டிலும் கேமராவுக்கு மட்டும் சிரிக்கிறவர் உண்டா?