சோதிக்காத சிவப்பு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் துணிக்கடைத் தெருவில் அவளைச் ‘சந்தேகம்’ என்றுதான் சொல்வார்கள். “சந்தேகம் வருது, கர்ச்சீப்போட வருது” என்று முதல் கடைக்காரர் குரல் கொடுத்தால், அடுத்த கடைக்காரர் நல்ல சிவப்புகளையெல்லாம் மேல் அலமாரிக்கு ஏற்றிவிடுவார். அவள் அதையும் இறக்கச் சொல்வாள். கைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, தண்ணீரில் நனைத்து, துணியின் ஓரத்தில் பத்துத் தேய்ப்பு தேய்ப்பாள். கைக்குட்டையில் நிறம் ஒட்டினால், ஒன்றும் பேசாமல் அதைக் கடைக்காரரின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டுவாள். அந்தக் காட்சிக்குப் பயந்தே பலர் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றப் பார்ப்பார்கள். டீயைக் குடித்துவிட்டு மறுபடி தேய்ப்பாள்.

அவள் தொழில் அப்படி. பல நிறத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, சேர்த்துத் தைத்து, அடியில் பஞ்சு விரிப்பும் அதற்கடியில் ஒரு துணியும் வைத்து ஒட்டுப்போர்வை தைக்கிறவள். தனித்தனியாக இருக்கும்வரை எந்தத் துணியும் நல்ல பிள்ளைதான். வெள்ளைக்குப் பக்கத்தில் தைத்து நனைத்த பிறகுதான் அதன் குணம் தெரியும். அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் அவள் விடமாட்டாள். உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் சூடான சோப்புத் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் ஊறவைப்பாள். தண்ணீர் தெளிவாக இருந்தால் பாஸ். கலங்கினால், முழுத் துணியையும் தண்ணீர் தெளிகிற வரை வெந்நீரில் அலசிய பிறகுதான் கத்தரிக்கோல் எடுப்பாள்.

இந்தப் புத்தி சும்மா வந்துவிடவில்லை. முன்பு பதினோரு வருடம் ஒரு தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஒருநாள் பரிமாறுகிறவர் ஒருவர் இடுப்பில் கட்டும் சிவப்பு ஏப்ரன் எப்படியோ வெள்ளைகளோடு சேர்ந்து மெஷினுக்குள் போய்விட்டது. அறுபது தலையணை உறைகள். அந்த விடுதியின் விருந்தாளிகள் ஒரு மாதம் இளஞ்சிவப்பில் தலைவைத்துத் தூங்கினார்கள். அன்றிலிருந்து அவள் எந்த நிறத்தையும் நம்புவதில்லை. மனிதர்களை நம்பினாள், அதில் அவ்வளவு கெட்டுப்போகவில்லை.

இப்படிப்பட்டவள் வீட்டுக்கு ஒரு மருமகள் வந்தாள். மகன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் நாலு நாள் வெளியே. மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். எட்டு மாதமாகியும் வீட்டில் அவள் குரல் உயர்ந்ததில்லை. “சாப்டியாம்மா?” “சாப்ட்டேன் அத்தை.” “உப்பு சரியா இருக்கா?” “சரியா இருக்கு அத்தை.” உப்பே போடாத அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது. மாமியாரின் கணவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், ஒருநாள் ரகசியமாகச் சொன்னார்: “நம்ம வீட்டுல ஒரு பயணி ஏறியிருக்கு. எந்த ஸ்டாப்புல இறங்கும்னு தெரியல.” அவள் அவரை முறைத்தாள். ஆனால் அதே பயம் அவளுக்கும் இருந்தது. இந்தப் பெண் நம்முடன் ஒட்டவே மாட்டாளோ என்ற பயம்.

அந்தச் சமயத்தில்தான் மருமகளின் அம்மாவுக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. பல வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, தேறி, ஒரு மாதம் மகளோடு இருக்க வருவதாக ஏற்பாடு. மருமகள் அம்மா வீட்டுக்குப் போய் துணிமணி எடுத்துவரும்போது, பெட்டியின் அடியிலிருந்து ஒரு சிவப்புத் துணியையும் எடுத்துவந்தாள். கண்ணைப் பறிக்கிற சிவப்பு. மடிப்புக்கூடக் கலையவில்லை.

“அத்தை, இதை அம்மா ரொம்ப வருஷமா பொத்திப் பொத்தி வெச்சிருந்தாங்க. இதுல அவங்களுக்கு ஒரு போர்வை தைச்சுத் தருவீங்களா?”

எட்டு மாதத்தில் அந்தப் பெண் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம். சந்தேகத்தின் கை பழக்கதோஷத்தில் கைக்குட்டைக்குப் போனது. போன கை பாதியில் நின்றது. இவள் அம்மாவின் துணியை இவள் கண் முன்னாலேயே தேய்த்துப் பார்ப்பதா? உன்னையும் நம்பவில்லை, உன் அம்மாவையும் நம்பவில்லை என்று சொல்வதுபோல் ஆகிவிடாதா? சரி, அவள் வேலைக்குப் போன பிறகு டம்ளரில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆனால் அதற்குள் அந்தப் பெண் ஆசையாக உட்கார்ந்து அளவு குறிக்கவே ஆரம்பித்துவிட்டாள். கத்தரிக்கோலை எடுத்து நீட்டியதும் மாமியார்தான். ஊரில் உள்ள துணியையெல்லாம் சோதித்தவள், வீட்டுக்கு வந்த துணியைச் சோதிக்கவில்லை.

எழுபத்திரண்டு சதுரம். பாதி சிவப்பு, பாதி சுத்த வெள்ளை. மூன்று வாரத்தில் போர்வை முடிந்தது. மருமகள் தையல் கோடுகளை நீலப் பேனாவால் போட்டிருந்தாள். தண்ணீரில் நனைத்தால் போய்விடுகிற பேனா. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வருகிறார். வியாழக்கிழமை காலை, மருமகள் வேலைக்குப் போன பிறகு, கோடு போவதற்காகப் போர்வையைப் பெரிய தொட்டியில் முக்கிவிட்டு மாமியார் அடுப்பைக் கவனிக்கப் போனாள்.

திரும்பி வந்து தொட்டிக்குள் குனிந்து பார்த்தாள். நீலக் கோடுகள் போயிருந்தன. வெள்ளைச் சதுரங்களும் போயிருந்தன. ஒவ்வொரு சிவப்பும் தன் நாலு பக்கத்து வெள்ளைகளுக்குள் இறங்கி, போர்வை முழுக்க அழுது முடித்த கண் மாதிரி இருந்தது.

கணவர் எட்டிப் பார்த்தார். “உப்புப் போடேன். எங்கம்மா உப்புதான் போடுவாங்க.”

“குழம்பா வெக்கிறேன், உப்புப் போட?”

“வினிகர்?”

“ஊறுகாயும் இல்ல. போங்க அந்தப் பக்கம்.” சொல்லிவிட்டு அவளே அழைத்தாள். “போகாதீங்க. வீட்டுல இருக்கிற பெரிய பாத்திரம் எல்லாத்துலயும் தண்ணி சுட வைங்க.”

சலவைக்கூடத்துப் பாடம் மறக்கவில்லை. இறங்கிய சாயம் ஈரத்தில் இருக்கும்வரை வெளியே வர வழி உண்டு. காயவிட்டாலோ இஸ்திரி போட்டாலோ அங்கேயே குடியேறிவிடும். வெந்நீர் சிவப்பில் மிச்சமிருக்கிற உபரிச் சாயத்தையும் கழற்றும். நிறைய சோப்பு அதைத் தண்ணீரிலேயே பிடித்துவைக்கும், மறுபடி துணியில் உட்கார விடாது. போர்வை மடிப்பில்லாமல் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும். மேலே மிதக்கிற இடத்தில் கறை நிற்கும். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைப் போர்வையின் மேல் வைத்து அழுத்தினாள். அரைமணியில் தண்ணீர் ரத்தச் சிவப்பானது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை இது என்று தன்னையே திட்டிக்கொண்டு, தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாலையில் செருப்புச் சத்தம் கேட்டதும், குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு ‘ஊறுதும்மா, நாளைக்குப் பாக்கலாம்’ என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவள் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தாள்.

“உங்கம்மா துணிய நான் சோதிக்காம வெட்ட விட்டுட்டேன். சாயம் இறங்கிடுச்சு. தப்பு என்னோடது.”

மருமகள் தொட்டியைப் பார்த்தாள். தோளிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது.

“ஏன் சோதிக்கல?”

“நீ ஏதாச்சும் நினைச்சுப்பியோன்னு…”

“நான் என்ன நினைக்கப் போறேன்?” அந்தக் குரலை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. “தெருவுல இருக்கிற கடைக்காரங்க மூஞ்சிக்கு முன்னாடி கர்ச்சீப்ப விரிக்கிறீங்க. மாமா வாங்கிட்டு வந்த சட்டையக்கூட டம்ளர்ல போடறீங்க. உங்க பிள்ளையோட லுங்கிய மூணு தடவ அலசறீங்க. என் துணிய மட்டும் தொடல! நான் என்ன இந்த வீட்டுக்கு விருந்தாளியா? எட்டு மாசமா ‘சாப்டியா, தூங்குனியா’ன்னு ஓட்டல்ல கேக்கற மாதிரி கேக்கறீங்க. ஒரு நாளாச்சும் என்னைத் திட்டியிருக்கீங்களா?”

“நீதான் வாயே திறக்க மாட்டியே! உப்பில்லாத குழம்பக்கூட நல்லாருக்குன்னு சொன்னா நான் என்னத்தக் கண்டேன்?”

“அது நல்லாவே இல்ல!”

“அப்ப அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே!”

கணவர் கூடத்தில் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பக்கத்து வீட்டு ஜன்னலில்கூட ஒரு தலை தெரிந்தது. இருவரும் மூச்சு வாங்க நின்றார்கள். பிறகு மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“இப்ப என்ன பண்ணணும்? அதச் சொல்லுங்க.”

“தண்ணிய மாத்தணும். பிழியாத, தூக்கிப் பிடி. ஐயோ, அப்படியில்ல, மூலையப் பிடி! மூக்குக்கண்ணாடிய இப்படித்தான் பிடிப்பியா?”

“நான் உடைச்சதே இல்ல, தெரியுமா?”

ஆறு தொட்டித் தண்ணீர் மாற்றினார்கள். முதல் தண்ணீர் சிவப்பு, இரண்டாவது கொஞ்சம் வெளிறியது, மூன்றாவது ரோஜா. நாலாவதில் மருமகளுக்கு நம்பிக்கை போய்விட்டது, மாமியார் திட்டினாள். ஐந்தாவதில் மாமியாருக்கு இடுப்பு போய்விட்டது, மருமகள் திட்டினாள். வெள்ளிக்கிழமை மாலை, ஆறாவது தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, அதற்குப் பின்னால் நின்ற கணவரின் மீசைகூடத் தெளிவாகத் தெரிந்தது. சனிக்கிழமை மொட்டைமாடியில் வெள்ளை விரிப்பின் மேல் போர்வையை நீட்டிக் காயவைத்தார்கள். வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஒரு மூலைச் சதுரம் மட்டும் லேசான இளஞ்சிவப்பு. “அது உன் கணக்கு” என்றாள் மாமியார். “மூலையச் சரியாப் பிடிக்கல.”

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வந்தார். மெலிந்திருந்தார், ஆனால் கண்ணில் ஒளி இருந்தது. கட்டிலில் உட்காரவைத்துப் போர்வையை மடியில் விரித்ததும், குனிந்து பார்த்து அதிர்ந்துபோனார்.

“இந்தச் சிவப்பா? அடிப்பாவி, இது சாயம் கொட்டுமே! அதனாலதானே முப்பது வருஷமா வெட்டாம வெச்சிருந்தேன்!”

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று சொல்ல முடியாது. மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல், கஞ்சி வைக்கிறேன் என்று சமையலறைக்கு ஓடினாள்.

அவள் போனதும் சம்பந்தியம்மா குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. என் பொண்ணு உங்ககிட்ட எப்படிங்க இருக்கா?”

தங்கம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எல்லாரும் சொல்கிற வார்த்தை. அவள் அதை விழுங்கிவிட்டாள்.

“மறைக்காம சொல்றேன் சம்பந்தி. பயங்கரமா சத்தம் போடறா. வியாழக்கிழமை என்னை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டா. பக்கத்து வீட்டுல எட்டிப் பாத்தாங்க.”

போர்வையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. “சத்தம் போட்டாளா? உங்ககிட்டயா?”

“ஆமா.”

சொல்லியிருக்கக்கூடாதோ என்று இவள் பயந்துபோனாள். சம்பந்தியம்மாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வாய் சிரித்தது.

“எங்க வீட்டுல நாள் பூரா கத்திக்கிட்டே இருப்பா அவ. கல்யாணமானதுலேர்ந்து போன்ல மெதுவா, ‘நல்லாயிருக்கேம்மா, நல்லாயிருக்கேம்மா’. அந்த மெதுவான குரலக் கேக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். என் உடம்பப் பத்திக்கூட நான் பயப்படல. அங்க என்ன கஷ்டமோ, வாயத் திறக்க முடியாம இருக்காளேன்னுதான் ஆஸ்பத்திரியில தவிச்சுக்கிட்டுக் கிடந்தேன்.”

இவள் சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது சமையலறையிலிருந்து வீடே அதிர ஒரு குரல் வந்தது.

“அத்தை! ரெண்டு நாளா வெந்நீர் வெச்சே கேஸைத் தீத்துட்டீங்களே, முன்னாடியே சொல்ல மாட்டீங்களா? இப்ப நான் எதுல கஞ்சி வெக்கிறது?”

“நீயும் கூடத்தானேடி வெச்ச!” என்று இவள் இங்கிருந்தே கத்தினாள்.

சம்பந்தியம்மா தலையணையில் சாய்ந்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.