கை கழுவுமுன் சொன்ன ஜெபம்

லாங் பஜாரில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தபோது சாமுவேல் அண்ணனின் மகள் ஷீலா அழைத்தாள். "அங்கிள், அப்பா போய்ட்டாரு. காபி எடுத்துட்டுப் போனேன், எழுந்திருக்கவே இல்ல." பின்னால் கைவண்டிக்காரர் வழிவிடச் சொல்லிக் கத்தினார்.

நம் இறையியல் கல்லூரியில் எபிரேயம் எடுத்த சாமுவேல் அண்ணனை உங்களுக்குத் தெரியும். யூதர்களின் ஜெபங்களைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டுவார். மணி அடித்தாலும் வகுப்பு கலையாது. ஆனால் மனைவி மெர்சி அக்கா இறந்தபின் அவர் ஜெபிப்பதையே விட்டுவிட்டது பலருக்குத் தெரியாது. அக்கா புற்றுநோயில் கிடந்த மாதங்களில் அவர் வைக்காத வேண்டுதல் இல்லை. அடக்கம் முடிந்ததும் என்னிடம், "பாடம் நடத்துவேன் பாஸ்டர். அந்தப் பேர மட்டும் இனிமே என்னால கூப்பிட முடியாது" என்றார். இந்த மனிதர் இப்படியே போய்விடுவாரோ என்று அன்றிலிருந்து எனக்குப் பயம்.

போன மழைக்காலத்தில் ஆம்பூரில் அவர் வீட்டில் தங்கினேன். விடியலில் படுக்கையில் உட்கார்ந்தபடி ஏதோ முணுமுணுத்தார். 'மோதே அனி'. தூக்கத்தில் உயிரைக் காத்துத் திருப்பித் தந்ததற்காக யூதர்கள் கண் விழித்ததும் கடவுளுக்குச் சொல்லும் நன்றி. எனக்குச் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

"ரொம்ப குஷியாவாதீங்க. இதுல அவரு பேரே கிடையாது. தூங்கி எழுந்த கையக் கழுவாம பேரச் சொல்லக் கூடாதுன்னு, 'ராஜா'ன்னு மட்டும் வெச்சிருக்காங்க. எனக்கு வசதியாப் போச்சு."

"கழுவின பிறகு?"

"காபி குடிப்பேன்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கடைசி வார்த்தையப் பாருங்க. உன் நம்பிக்கை பெருசுன்னு முடியுது. நம்ம நம்பிக்கை இல்ல, அவரோடது. எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சும் தெனம் உசுரத் திருப்பிக் குடுக்கறாரு. இன்னாத்த நம்பிக் குடுக்கறாருன்னுதான் புரியல."

அண்ணனின் அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன். கல்லறையில் ஷீலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா ஜெபம் பண்ணாரா அங்கிள்?" என்று கேட்டாள். தினமும் காலையில் பண்ணினார் என்றேன். அது பொய்யில்லை. கடைசி நாள் மட்டும், அதைச் சொல்ல அவர் விழிக்கவில்லை.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு ஜெபம்தான். கண் விழித்ததும் சொல்கிறேன். எழுந்து போய்க் கை கழுவுகிறேன். அதற்குப் பிறகு சொல்ல வேண்டிய பெயர், இப்போது எனக்கும் வாயில் வருவதில்லை.