அக்காவிடம் கொடுக்காத பந்து

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் பேஸ்பால் என்று சொன்னால் இன்றைக்கும் பாதிப் பேர் அதைக் கிரிக்கெட்டில் ஏதோ ஒரு வகை என்றுதான் நினைப்பார்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். மரவள்ளிக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தவரிடம் அக்காவும் நானும் போய், பள்ளி அணியில் எங்களைச் சேர்த்துவிட்டார்கள் என்று சொன்னபோது, “எத்தன ரன்னு அடிச்சீங்க?” என்று கேட்டார். நாங்கள் அடிப்பவர்கள் இல்லை, எறிபவர்கள் என்றோம். “அப்ப பவுலருன்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த விளையாட்டு எங்கள் அரசுப் பள்ளிக்கு வந்ததற்குக் காரணம் பி.டி. டீச்சர். கபடிக்கும் கோகோவுக்கும் மாவட்டம் முழுக்க ஆள் இருந்தார்கள். பேஸ்பால் ஆடும் பள்ளிகளோ விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. மாநில அணிக்குள் ஒரு பெண் நுழைந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் கிடைக்கும், விடுதியும் சாப்பாடும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று டீச்சர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எங்கள் வீட்டில் அதைக் காதுகொடுத்துக் கேட்டவர் அம்மா ஒருவர்தான்.

அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நான் ஒன்பதாவது. அக்காவுக்கு மட்டை பிடிக்க வராது, வேகமாக ஓடவும் வராது. ஆனால் எறிந்தால் பந்து சொன்ன இடத்துக்குப் போகும். நான் அவளைவிட வேகமாக எறிவேன். பந்து எங்கே போகும் என்பது மட்டும் எனக்கும் தெரியாது. அதனால் எல்லா ஆட்டத்தையும் அக்கா ஆரம்பிப்பாள். அவள் களைத்த பிறகு நான் உள்ளே போவேன். அப்படி மாற்றும்போது டீச்சர் மைதானத்துக்குள் நடந்து வருவார். வெளியே போகிறவள் தன் கையிலிருக்கும் பந்தை உள்ளே வருகிறவளின் கையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அக்கா பந்தைக் கொடுக்கும்போது என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போவாள். எனக்கு அது பிடிக்காது. ஆரம்பிக்கிறவள்தான் பெரிய ஆள், நடுவில் வருகிறவள் பந்தியில் கடைசியாக உட்கார்கிறவள் என்பது அந்த வயதில் எனக்கிருந்த ஞானம்.

அரூரில் நடந்த ஆட்டத்தில், ரன் எடுக்க ஓடிச் சேர வேண்டிய மூன்று பேஸ் தட்டுகளிலும் எதிரணிப் பெண்கள் நின்றுகொண்டிருந்த நேரத்தில் என்னை உள்ளே அனுப்பினார்கள். கூட்டம் கத்தியது. எதைப் பார்த்து எறிவது என்றே எனக்குத் தெரியவில்லை. முதல் பந்து, அடிப்பவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிக்கும் கேட்சரின் தலைக்கு மேலே பறந்து சுற்றுச்சுவரில் போய் அடித்தது. எப்படியோ கடைசியில் ஒரு ரன்னில் ஜெயித்தோம். திரும்பி வரும்போது பேருந்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன், என்னை முதலிலேயே இறக்கியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று. வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. அம்மா கெஞ்சினார். அக்கா என் தட்டை மூடி வைத்தாள்.

அடுத்தது தர்மபுரியில் மாவட்ட இறுதி ஆட்டம். அதற்கு இரண்டு நாள் முன்பு, பயிற்சி முடிந்ததும் டீச்சரும் அக்காவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் பேசினார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதற்காகவே நான் ஷூ கயிற்றை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன். எதுவும் கேட்கவில்லை. பிறகு டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

“நாளன்னிக்கு நீ ஆரம்பி. அக்கா பின்னால வருவா.”

நான் குதித்தேன். அக்கா பேஸ் தட்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சரிடம் வாதாடித் தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்சம் பாவமாக இருந்தது. அந்தப் பாவமும் இனிப்பாகத்தான் இருந்தது.

வீட்டில் அம்மா அவளிடம், “உனக்குப் பரவால்லியாடி?” என்று கேட்டார்.

“அவ மொதல்ல எறங்குனாதான் பயப்படாம போடுவா, ம்மா.”

பயப்படாமல் என்ற சொல்லுக்காக அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

இறுதி ஆட்டத்தன்று காலையில் பந்து எனக்குக் கட்டுப்பட்டது. முதல் நான்கு இன்னிங்ஸில் எதிரணி ஒரே ஒரு ரன்தான் எடுத்தது. நாங்கள் நான்கு எடுத்திருந்தோம். மொத்தம் ஏழு இன்னிங்ஸ். ஐந்தாவது ஆரம்பித்தபோது ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைத் தொப்பி போட்ட இரண்டு பேர் நோட்டோடு இறங்கி வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மாநில அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள். அதற்குள் என் தோள் கனக்கத் தொடங்கியிருந்தது. அடுத்தடுத்து இரண்டு பேருக்குப் பந்தைத் தாறுமாறாக எறிந்ததால், விதிப்படி அவர்கள் அடிக்காமலேயே பேஸுக்கு நடந்துபோனார்கள். டீச்சர் எழுந்து உள்ளே வந்தார். பின்னாலேயே அக்கா ஓடி வந்தாள்.

“போதும். நல்லா போட்ட. அக்காகிட்ட குடு.”

நான் பந்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“கை வலிக்கல டீச்சர். நானே முடிக்கிறன்.”

“சொன்னா கேளு. குடு.”

“மாட்டன். ஆரம்பிச்சது நான்தான?” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நடுவர் நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். அடிப்பதற்கு நின்ற பெண் மட்டையை ஊன்றிக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தாள்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மரத்தடியை ஒருமுறை பார்த்தாள்.

“உடுங்க டீச்சர். அவளே போடட்டும்.”

“உனக்கென்ன பைத்தியமாடி?” டீச்சரின் குரல் கிட்டத்தட்ட கெஞ்சுவதுபோல் இருந்தது. எப்போதும் அதட்டுகிறவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

“அழுதுகிட்டே வெளிய அனுப்பினா அப்பறம் பந்தையே தொட மாட்டா, டீச்சர்” என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பி நடந்தாள்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எறிந்தேன். பிடிவாதத்துக்கு அவ்வளவு பலம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. இரண்டு ரன் போனது, ஆனால் ஜெயித்துவிட்டோம். மாலையில் மாநில அணிக்கான பெயர்களைப் படித்தார்கள். எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பெயர், என்னுடையது. முதலில் கைதட்டியது அக்கா. ஊர் திரும்பும்வரை பேருந்தில் என் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டே வந்தாள். டீச்சர் முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்த அணியின் டீச்சர் போலவே இல்லை. அம்மா எங்கள் இருவருக்கும் திருஷ்டி கழித்துவிட்டு, “யாரு போனாலும் நம்ம வூட்டுப் பொண்ணுதான்” என்றார். அப்பா இந்த முறை எத்தனை விக்கெட் என்று கேட்டார்.

பரீட்சை முடிந்து ஜூன் மாதத்தில், ஓசூர் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் வேன் எங்கள் ஊருக்கு வந்தது. அக்கா ஒரு பையோடு ஏறிப் போனாள். செல்போன் பாகங்களைப் பொருத்தும் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடி. அங்கேயே பெண்கள் விடுதி, பிறகு அங்கேயே கல்யாணம். நான் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குப் போனேன். இன்றைக்கு ஒரு பள்ளியில் நானும் பி.டி. டீச்சர்.

போன வருடம் எங்கள் பழைய டீச்சர் பணி ஓய்வு பெற்றார். பார்க்கப் போயிருந்தேன். காபி கொடுத்துவிட்டு, அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பிறகு அவராகவே சொன்னார்.

“ஆளெடுக்கறவங்க அஞ்சாவது இன்னிங்ஸ் போலதான் வருவாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும். உங்கக்காகிட்ட சொன்னேன். அப்ப அவதான் சொன்னா, தங்கச்சி ஆரம்பிக்கட்டும், நான் பின்னால வர்றேன்னு. உனக்கும் பயமில்லாம இருக்கும், அவளையும் அவங்க பாத்துடுவாங்க. உனக்கு இன்னும் மூணு வருசம் இருந்துது. அவளுக்கு அந்த ஒரு நாள்தான்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஓசூருக்குப் பேருந்து ஏறினேன். அக்கா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நின்றபடியே கேட்டேன், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று. “சொல்லியிருந்தா குடுத்திருப்பியா?” என்றாள். நான் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன். “அதெல்லாம் இப்ப எதுக்குடி, கைகால் கழுவிட்டு வா” என்று சொல்லிவிட்டு மாவை உருட்டத் தொடங்கினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த மைதானம்தான் கண்ணுக்குள் இருந்தது. மீதி மூன்று இன்னிங்ஸும் நான் எறிந்துகொண்டிருந்தபோது, நடுநடுவே அக்கா இருக்கும் பக்கம் பார்த்தேன். வெளியே உட்கார்ந்திருந்த மற்ற பெண்கள் பந்து பிடிக்கும் தோல் கிளவுஸைக் கழற்றி மடியில் வைத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் இடது கையில் மாட்டியபடியே, பெஞ்சின் நுனியில், காலை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பந்துவரை அதைக் கழற்றவே இல்லை. ஆட்டம் பார்க்கும் சுவாரஸ்யத்தில் மறந்துவிட்டாள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.