தூங்காத லேப்டாப்

இது நடந்த கதை. கேட்டவர்கள் எல்லாரும் வாயைத் திறந்ததும் சொல்வது ஒன்றுதான்: "ஏதாவது லூஸ் கனெக்‌ஷனா இருக்கும்." தயவுசெய்து நீங்களும் அதைச் சொல்லாதீர்கள். லூஸ் கனெக்‌ஷனைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே வருஷக்கணக்காகச் சோறு தின்றவள் அவள். பேய்க்கு ராத்திரி டியூட்டி மட்டும்தான் என்று நினைப்பவர்களும் கொஞ்சம் பொறுங்கள். இது பட்டப்பகலில், டியூப்லைட் வெளிச்சத்தில் நடந்தது.

கடையில் அவளுக்குத் திருப்புளி என்று பெயர். எந்நேரமும் பல்லிடுக்கில் ஒரு திருப்புளியைக் கடித்துக்கொண்டிருப்பாள். அதை வாயிலிருந்து எடுத்தால் வருகிற பேச்சு அதைவிடக் கூர்மையாக இருக்கும். கடை அவள் அக்கா புருஷனுடையது. மாமா பழைய லேப்டாப்புகளை மொத்தமாக வாங்கிப் போடுவார். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து, தூசி தட்டி, பழைய ஆளின் சமாச்சாரம் ஒன்று விடாமல் அழித்து, புதிதாக ஓ.எஸ். போட்டு, சோதித்து, விற்பனை அலமாரிக்கு அனுப்புவாள்.

அன்றைக்குக் காலையிலேயே அவளுக்குக் கோபம் உச்சந்தலையில் இருந்தது. காரணம், வீட்டுக்காரர். ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தே பில் சரிபார்க்கும் வேலை அவருக்கு. இரண்டு நாளாக இடது தோள் இழுக்கிறது, மூச்சு வாங்குகிறது. டாக்டரிடம் வாருங்கள் என்றால், "சிவப்பு விழுந்துடும்" என்கிறார்.

அந்தச் சிவப்பைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும். கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் ஒரு வேவு மென்பொருள் இருந்தது. திரையில் மவுஸ் அம்பு அசைந்துகொண்டே இருந்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஐந்து நிமிஷம் அசையாவிட்டால் சிவப்பு. ஒரே நாளில் மூன்று சிவப்பு விழுந்தால் அரை நாள் சம்பளம் காலி. மனுஷன் பாத்ரூமுக்குக்கூட ஓடிப் போய் ஓடி வருவார். அவள் போனிலும் அந்தப் புள்ளி தெரியும்படி அவரே வைத்துக் கொடுத்திருந்தார். சிவப்பு என்றால் கூப்பிடலாம். பச்சை என்றால் கூப்பிடக் கூடாது. கட்டின பெண்டாட்டிக்கு சிக்னல் விளக்கு வைத்த மகராசன் என்று அவள் அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

"உயிர் பெருசா, அந்தப் புள்ளி பெருசா உங்களுக்கு?"

"மாசக் கடைசிம்மா. நாளைக்குக் கண்டிப்பாப் போறேன்."

"நாளைக்கு நீங்க இருந்தா பாத்துக்கலாம்."

சொன்ன வார்த்தை அவளையே சுட்டது. அதைத் திருப்பி விழுங்க வழி தெரியாமல், கதவை அறைந்து சாத்திவிட்டுக் கடைக்கு வந்துவிட்டாள்.

வந்து பார்த்தால், மேஜை நிறைய லேப்டாப். எல்லாவற்றின் முதுகிலும் ஒரே கம்பெனி முத்திரை. அவள் வீட்டுக்காரர் கம்பெனிதான்.

"இவனுங்க குப்பையையும் நான்தான் தொடைக்கணுமா மாமா?"

"சல்லிசா கிடைச்சுதும்மா. கோபத்தை ஸ்க்ரூ மேல காட்டு."

காட்டினாள். மத்தியானத்துக்குள் பாதிக்கு மேல் முடித்தும்விட்டாள். அடுத்து கையில் வந்ததுதான் அந்த லேப்டாப்.

பார்க்க மற்றவற்றைப் போலத்தான் இருந்தது. விரல் தேய்க்கும் டச்பேடில் மட்டும் ஒரே இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் புதுசு. எந்த மனுஷன் ஒரே இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வேலை செய்வான் என்று நினைத்தபடி அழித்தாள். ஓ.எஸ். போட்டாள். விசைகள், கேமரா, ஸ்பீக்கர் எல்லாம் சரி. கடைசிச் சோதனை ஒன்று பாக்கி. லேப்டாப்பைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் அது தானாகத் திரையை அணைத்துத் தூங்கப் போக வேண்டும். தூங்காத லேப்டாப் பேட்டரியைத் தின்றுவிடும், வாங்கினவன் மறுநாளே சண்டைக்கு வந்துவிடுவான்.

அது தூங்கவில்லை.

திரை மங்கப் போகிற நேரத்தில் அம்பு லேசாக ஒரு துள்ளு துள்ளியது. திரை மறுபடி பளிச்சென்று ஆனது. இன்னொரு தடவை விட்டுப் பார்த்தாள். நான்கு நிமிஷம் ஐம்பது விநாடி... மறுபடி ஒரு துள்ளல்.

டச்பேடில் கோளாறு என்று நினைத்தாள். முதுகைத் திறந்து டச்பேட் கேபிளைப் பிடுங்கினாள். வைத்தாள். காத்திருந்தாள்.

துள்ளியது.

டிஸ்கை மாற்றினாள். நெட் கார்டைக் கழற்றினாள். விசைப்பலகை கேபிளையும் எடுத்துவிட்டாள். இப்போது அந்த அம்பை அசைக்க அதில் உறுப்பே கிடையாது. கையும் இல்லை, காலும் இல்லை. அப்படியும் நான்கு ஐம்பதுக்குத் துள்ளியது.

"உனக்கு என்னதான் வந்துச்சு? தூங்கித் தொலையேன்" என்று டச்பேடில் ஒரு தட்டுத் தட்டினாள். கை ஈரமானது.

டச்பேட் நனைந்திருந்தது. தேய்ந்த அந்த இடம் மட்டும். துடைத்தாள். முகர்ந்து பார்த்தாள். வியர்வை வாசம். மறுபடி பார்த்தபோது மறுபடி ஈரம். கடையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. மாமா சாப்பிடப் போயிருந்தார். கடையில் அவள் ஒருத்திதான்.

அப்போதுதான் அந்தச் சத்தம். முதலில் மின்விசிறி என்று நினைத்தாள். மின்விசிறி இப்படி விட்டு விட்டுச் சுற்றாது. யாரோ வாயைத் திறந்து, சிரமப்பட்டு, மூச்சு இழுக்கிற மாதிரி...

ஹ்ஹ்ஹ்...

நின்றது.

ஹ்ஹ்ஹ்...

அவள் போனை எடுத்தாள். வீட்டுக்காரரோடு இரண்டு வார்த்தை பேசினால் தேவலை என்று இருந்தது. காலையில் சொன்னதற்கு மன்னிப்பு கேட்க வேண்டும் என்றும் இருந்தது. பச்சை. கூப்பிடக் கூடாது. போனை உள்ளே வைத்தாள்.

மணி இரண்டு இருபது.

திரை அணைந்தது.

தானாக. சமத்தாக. சத்தமும் நின்றது. பக்கத்தில் மாமாவின் சுழல் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அது மெல்ல அரை வட்டம் சுற்றி நின்றது. உட்கார்ந்திருந்தவர் எழுந்து போனால் சுற்றுமே, அப்படி.

அவளுக்கு முதுகு சில்லிட்டது. ஆனாலும் வேலை தெரிந்தவளுக்கு ஒரு திமிர் உண்டு. காத்திருந்து பார்த்தாள். அம்பு துள்ளவில்லை. டச்பேட் காய்ந்திருந்தது. கேபிளையெல்லாம் மாட்டி, மறுபடி இரண்டு தடவை சோதித்தாள். இரண்டு தடவையும் அழகாகத் தூங்கியது. 'ஓகே' ஸ்டிக்கர் ஒட்டி அலமாரியில் வைத்தாள். இடையில் ஒருமுறை போனைப் பார்த்தாள். பச்சை. அந்த மனுஷனுக்கு ஒரு நிமிஷம்கூட ஓய்வு இல்லையா என்று கம்பெனியைக் கரித்துக்கொட்டினாள்.

மூன்றரைக்கு அந்தக் கம்பெனியின் வேன் டிரைவர் வந்தார். மிச்சமிருந்த பெட்டிகளை இறக்கினார். அவள் அந்த லேப்டாப்பை எடுத்துக் காட்டினாள்.

"அண்ணே, இது யாரு வச்சிருந்தது?"

டிரைவர் டச்பேடைப் பார்த்தார். தொடவில்லை.

"இதை நான்தான்மா ஒரு வீட்டுல போய் எடுத்துட்டு வந்தேன். அந்த ஆள் செத்துட்டார். இதுக்கு முன்னாடி உக்காந்தபடியே."

"எப்படி?"

"மாரடைப்பு. காலைல பதினோரு மணிக்கே போயிடுச்சுன்னு டாக்டர் சொல்றார். ஆனா சாயங்காலம் ஆறு வரைக்கும் பச்சை எரிஞ்சிருக்கு. அவர் சம்சாரம் வேற இடத்துல வேலை. பச்சையா இருக்கு, தொந்தரவு பண்ண வேண்டாம்னு கூப்பிடவே இல்லை. ஆறரைக்கு வந்து தொட்டா... வெறச்சுக் கிடக்கார். விரல் மட்டும் இதோ, இது மேல."

அவள் வாயிலிருந்து திருப்புளி கீழே விழுந்தது.

"கம்பெனி என்ன செஞ்சுது?"

"ஆறு வரைக்கும் வேலை பாத்திருக்காரு, அதுக்கப்புறம் செத்தா நாங்க பொறுப்பில்லைன்னுட்டாங்க. அன்னிக்கு சம்பளத்தை மட்டும் முழுசாப் போட்டாங்க. நியாயஸ்தங்க."

அவள் போனை எடுத்தாள்.

பச்சை.

கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்தது. அடித்து ஓய்ந்தது.

பச்சை.

மறுபடி கூப்பிட்டாள்.

பச்சை...

வண்டியை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கு இன்றுவரை நினைவில்லை. வீட்டுப் பூட்டில் சாவி நுழையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திறந்தாள்.

அவர் சமையலறை வாசலில் கிடந்தார். தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார். டம்ளர் உருண்டு கிடந்தது. முகம் சாம்பல் நிறம். மூச்சு... இருந்தது. நூல் மாதிரி.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது.

ஹ்ஹ்ஹ்...

அவர் மூச்சு இல்லை அது.

மேஜைப் பக்கமிருந்து வந்தது.

நாற்காலி மேஜையை ஒட்டி இழுத்துப் போடப்பட்டிருந்தது. யாரும் இல்லை. திரை பளிச்சென்று எரிந்தது. மவுஸ் ஈரமாக மினுமினுத்தது.

அம்பு துள்ளியது.

பயந்திருக்க வேண்டும். அவளுக்கு வந்தது கோபம். வயிற்றிலிருந்து எழும்பி வந்த கோபம்.

"எந்திரிங்க. போதும், எந்திரிங்க அங்கேருந்து. உங்களுக்கு நடந்தது பத்தாதா? சிவப்பு விழுந்திருந்தா நான் கூப்பிட்டிருப்பேன்ல? அவர் எடுக்கலேன்னா ஓடி வந்திருப்பேன்ல? நல்லது பண்றேன்னு என் தாலியை அறுக்கப் பாத்தீங்களே."

துள்ளியது.

அவள் எழுந்து போய் லேப்டாப்பை அறைந்து மூடினாள். கவிழ்த்தாள். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் இன்னொரு திருப்புளியால் முதுகைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கி மூலையில் எறிந்தாள். அப்போது அவள் கை தற்செயலாக நாற்காலியில் பட்டது. உட்காரும் இடம் சுடச்சுட இருந்தது.

வீட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் கை விரித்திருப்போம் என்றார் டாக்டர். மூன்றாம் நாள்தான் அவரால் பேச முடிந்தது.

"எப்ப விழுந்தீங்க?"

"ரெண்டே கால் தாண்டி இருக்கும். விழுந்தப்புறமும் கண்ணு திறந்துதான் இருந்துச்சு. யாரோ வந்து என் நாற்காலில உக்காந்தாங்க. தண்ணி கேட்டேன். திரும்பலை."

"ஏதாவது சொன்னாங்களா?"

"நீங்க படுங்க சார், நான் பாத்துக்கறேன்னு சொன்னார். களைச்சுப் போன குரல்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காலையில் சொன்ன சொல்லுக்கும் சேர்த்து அழுதாள். அந்த நாற்காலிக்காரரைத் திட்டுவதா, அவருக்காக அழுவதா என்று அவளுக்குப் புரியவில்லை.

வீட்டுக்காரர் அந்த வேலையை விட்டுவிட்டார். லேப்டாப்பை அவளே கொண்டுபோய் ஆபீசில் வீசிவிட்டு வந்தாள். பேட்டரியைத் தனியாக ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். கடையில் 'ஓகே' ஒட்டிய அந்த லேப்டாப்பும் விற்றுவிட்டது. வாங்கினவர் இதுவரை ஒரு குறையும் சொல்லவில்லை. நன்றாகத் தூங்குகிறதாம்.

ஒரு மாதம் கழித்து, கம்பெனி சூப்பர்வைசர் போன் செய்தார்.

"மேடம், சார் வேலையை விட்டுட்டதா சொல்றாங்க. ஆனா தினமும் லாகின்ல இருக்காரே?"

"அவர் என் பக்கத்துலதான் கஞ்சி குடிச்சிட்டிருக்கார். லேப்டாப் உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு மேடம். அலமாரில பூட்டி வச்சிருக்கோம். பேட்டரிகூட மாட்டலை. அதான் ஆச்சரியமா இருக்கு. காலைல ஒன்பதுலேருந்து பச்சை. ஞாயித்துக்கிழமையும் பச்சை. ஒரு சிவப்புகூட இல்லை. பில்லெல்லாம் முடிஞ்சு வருது. ஒரு தப்பு இல்லை."

அந்தக் குரலில் பயம் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். இல்லை. சந்தோஷம் இருந்தது.

"அந்தப் பேரை எடுத்துடுங்க. அந்த மனுஷனை விடுங்க" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"எடுத்துடறோம் மேடம், எடுத்துடறோம்" என்று சூப்பர்வைசர் அவசரமாகச் சொல்லி வைத்துவிட்டார்.

எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை டிரைவர் அண்ணன்தான் வந்து சொன்னார். அந்தப் பிரிவில் நான்கு பேரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். நான்கு பேருடைய வேலையும் இப்போது அவள் வீட்டுக்காரர் பெயரில்தான் விழுகிறதாம். தினமும் சாயங்காலத்துக்குள் முடிந்தும்விடுகிறதாம். அலமாரியின் அடியிலிருந்து மட்டும் தண்ணீர் கசிகிறதாம். துடைக்கிற அம்மா தினமும் துடைக்கிறார், உப்புக் கரிக்கிறது என்கிறார்.