சத்தம் போடாத ஜால்ரா

நான் இருக்கும் ஜெர்மன் ஊரில் மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று மணிவரை யாரும் சத்தம் போடக்கூடாது. 'ரூஹெ' என்பார்கள், அமைதி என்று அர்த்தம். ஆணி அடிக்கக்கூடாது, கம்பளம் தட்டக்கூடாது. எழுபதுகளின் நடுவில், வந்த புதிதில், ஒரு சனிக்கிழமை அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு எங்கள் தெரு பஜனைப் பாட்டை முணுமுணுத்தபடி கரண்டியால் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக் கிழவி படியேறி வந்து கதவைத் தட்டி, என்ன பழுது பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். தெரிந்த நாலு வார்த்தையில் ஒன்றைப் பிடித்து "மூசிக்" என்றேன். அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து வாத்தியத்தைத் தேடினாள். மேசையும் கரண்டியும்தான் தெரிந்தன. மூன்று மணிக்கு மேல் பழுது பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இதை அப்பாவுக்கு எழுதினேன். 'அந்த ஊரில் சாமிக்குக் காது கேட்குமா, கேட்காதா?' என்று ஒரே வரியில் பதில் வந்தது. அப்பா ஆரணியில் பட்டு நெய்தவர். ஆனால் தெருவில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தறி அல்ல, ஜால்ரா. சனிக்கிழமை விளக்கு வைத்ததும் பஜனைக் கோயிலில் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு எவ்வளவு வேகமெடுத்தாலும் அவர் தாளம் இம்மி பிசகாது. மிருதங்கக்காரரே அவர் கையைப் பார்த்துத்தான் வாசிப்பார்.

அம்மா இறந்த பிறகு ஏழு வருடம் நான் ஊருக்குப் போகவில்லை. லீவு இல்லை என்று எழுதுவேன். லீவு இருந்தது, மனசுதான் இல்லை. பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்ட தங்கைதான் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். 'அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்' என்று அவள் எழுதியிருந்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு புரட்டாசியில் போய் இறங்கியபோதுதான் தெரிந்தது, அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று. காதருகே கத்தினால்தான் கேட்டது. நான் வாங்கிப்போன காதுக் கருவியை அரை மணி நேரம் மாட்டியிருந்தார். "உள்ள விசிலடிச்சிகினே கீது, பேஜாரு" என்று கழற்றி வெற்றிலைப் பெட்டியில் போட்டார். அதற்குமேல் வெளியே எடுக்கவில்லை.

முதல் சனிக்கிழமை அவரோடு பஜனைக்குப் போனேன். அதே முதல் வரிசை, அதே மூடிய கண். அப்பா தட்டத் தட்ட வந்த ஓசைதான் வேறு. வெண்கலத்தின் ஒலியே இல்லை, மரத்தில் மரம் இடித்த மாதிரி 'டொக் டொக்' என்றது. முடிந்ததும் அதை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வட்டிலிலும் விளிம்பிலிருந்து நடுவரை கீறல்.

ஆர்மோனியம் வாசித்துப் பாடும் கன்னியப்பன் மாமாவைத் தனியே பிடித்துக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாங்கதான் மாத்திக் குடுத்தோம் தம்பி. காது போனதிலேர்ந்து தாளம் எங்கியோ ஓடுது. வராதீங்கன்னு எந்த வாயால சொல்றது? இதுன்னா எப்படித் தட்டினாலும் பாட்டு கெடாது. ரெண்டு வருசமா அவரும் சந்தோசமா வந்துகினு கீறாரு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் அப்பாவை ஊரே சேர்ந்து ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். இரண்டு வருடமாக அவரை முதல் வரிசையில் உட்கார வைத்தவர்கள் அவர்கள். நான் விமானத்தில் வந்து இறங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. விருந்தாளிக்கு நியாயம் பேச என்ன உரிமை?

அடுத்த சனிக்கிழமை, கோயில் பெட்டியில் கிடந்த அவருடைய பழைய ஜால்ராவை எடுத்து, பாட்டுத் தொடங்கும் முன் அவர் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்தார். அடையாளம் தெரிந்து சிரித்தார். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அதோடு நின்றிருக்கலாம்.

பாட்டு மெதுவாகப் போகும்வரை சமாளித்தார்கள். வேகமெடுத்ததும் கணீர் கணீரென்று அப்பாவின் தாளம் ஒரு பக்கமும் பாட்டு இன்னொரு பக்கமும் இழுத்தது. மிருதங்கம் தடுமாறியது. பெண்கள் பாதி அடியில் நிறுத்தினார்கள். கன்னியப்பன் மாமா ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். அப்பா மட்டும் கண்ணை மூடியபடி தட்டிக்கொண்டே இருந்தார். அவர் கண்ணைத் திறந்தபோது எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜால்ராவைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தார்.

தெருவில் நடக்கும்போது கேட்டார்: "இத்தினி நாளு நான் தட்டிகினு இருந்தது எது?"

"அது வேற நைனா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

"எதுடா?"

கத்தினேன். "கீறல் வுட்டது நைனா. சத்தம் வராதுன்னு குடுத்திருக்காங்க."

இரண்டு வருடம் ஒரு தெருவே வாய்க்குள் வைத்துக் காப்பாற்றியதை நான் நடுத்தெருவில் நின்று கத்தினேன். வாசல்களில் இருந்தவர்கள் எழுந்து உள்ளே போனார்கள். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை கன்னியப்பன் மாமாவே வீட்டுக்கு வந்து, கீறல் விட்ட ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு "வாங்க" என்று கூப்பிட்டார். அப்பா அவரைக் காணாதவர்போல் சுவரைப் பார்த்திருந்தார். மாமா அதை மாடத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் புறப்பட்ட அன்று அப்பா அதை எடுத்து என் பெட்டியில், சட்டைகளுக்கு அடியில் செருகினார்.

"உன் ஊர்ல சத்தம் ஆவாதுன்னு எழுதினியே. இது சத்தம் போடாது, எடுத்துகினு போ."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கறையாகத்தான் சொன்னார்.

அப்பா பிறகு பஜனைக்குப் போகவே இல்லை என்று தங்கை எழுதினாள். முதல் வரிசையில் அவர் இடத்தை இன்னும் காலியாக விட்டிருக்கிறார்களாம். இங்கே சனிக்கிழமை ரூஹெ நேரம், அங்கே விளக்கு வைக்கும் நேரம். சன்னலைச் சாத்தாமலே உட்கார்ந்து அந்த ஜால்ராவைத் தட்டுகிறேன். டொக் டொக். கீழ்வீட்டுக் கிழவி ஒரு நாளாவது படியேறி வந்து சண்டை போடுவாள் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் வருவதில்லை.