எழுத்து இல்லாத ஆட்டம்

அப்பாவுக்குக் கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. கல்யாணமான மறு மாதமே அம்மாவைத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புனேவுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் பிறந்ததும் படித்ததும் அங்கேதான். வீட்டில் தமிழ், படியிறங்கினால் இந்தி, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், தெருவில் சண்டை போட மராத்தி என்று எனக்கு நாலு பாஷையும் தானாக வந்துவிட்டன. அம்மாவுக்கு வரவில்லை. எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவள். நான் நடுநிலைப்பள்ளிக்குப் போன பிறகும் காய்கறி வண்டிக்காரனிடம் விரலைக் காட்டித்தான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் கலர் டிவி இருந்தது. அதில் வந்தது எல்லாம் இந்தி, இல்லாவிட்டால் மராத்தி. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தமிழ்ப் படம் போடுவார்கள். அன்றைக்கு மட்டும் அம்மா சீக்கிரமே சமையலை முடித்துவிட்டு முன்னால் வந்து உட்காருவாள். மற்ற நாட்களில் டிவி மேல் ஒரு துணி கிடக்கும். அந்தத் துணியை மடித்துப் போடுவதும் தூசி தட்டுவதும்தான் அம்மாவுக்கும் டிவிக்கும் இருந்த சம்பந்தம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன பிறகு, ஒரு தீபாவளிக்கு அப்பா புனேவின் கேம்ப் பகுதிக் கடையிலிருந்து வீடியோ கேம் வாங்கிவந்தார். வெள்ளையும் சிவப்புமான பிளாஸ்டிக் பெட்டி. மேலே கேசட்டைச் செருக வேண்டும். படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து வாயால் ஊதிவிட்டு மறுபடியும் செருக வேண்டும். ஏன் ஊதுகிறோம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது, ஆனால் ஊதினால் வந்தது. கையில் பிடித்து ஆட, வயர் வைத்த இரண்டு ரிமோட். அப்பா முதல் நாள் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்தார். திரையில் வண்டி வலது பக்கம் திரும்பினால் அவரும் கையோடு சேர்ந்து வலது பக்கம் சாய்ந்தார். பிறகு எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டார்.

சில வாரம் கழித்து ஒரு விஷயம் கவனித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து வயரைச் செருகும்போது கறுப்பு அடாப்டர் சுடுகிறது. காலையிலிருந்து யாரும் தொடாத சாமான் எப்படிச் சுடும்? கெட்டுப்போகிறதோ என்று பயந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, எனக்கென்ன தெரியும் என்றாள்.

ஜூலை மாதம் ஒரு நாள், முளா ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது என்று மதியத்துக்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள். நனைந்துகொண்டு படியேறும்போதே வீட்டுக்குள்ளிருந்து அந்த ஆட்டத்தின் பாட்டு கேட்டது. கதவு சாத்தியிருக்கவில்லை. அம்மா டிவிக்கு எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மேலிருந்து விழுகிற கட்டிகளைத் திருப்பித் திருப்பி அடுக்குகிற ஆட்டம். நான் ஒரு தடவைகூடப் போகாத வேகத்தில் கட்டிகள் விழுந்துகொண்டிருந்தன. அம்மாவின் கட்டைவிரல் மட்டும் அசைந்தது. முகத்தில் எந்த அவசரமும் இல்லை. வெங்காயம் அரிகிறபோது இருக்கிற முகம்தான்.

"இரு ட்டி, இது முடியட்டும்" என்றாள், திரும்பாமலே.

நான் சொட்டச் சொட்ட நின்று பார்த்தேன். அது முடிய வெகுநேரம் ஆனது.

அன்றைக்கு அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டாள். அப்பாவிடம் சொல்லிவிடாதே என்றாள். ஆனால் அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆடத் தொடங்கினோம். ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்று ஒரு நாள் கேட்டதற்கு அம்மா, "அதுல யாரும் பேச மாட்டேங்காங்கள்ல" என்றாள். எனக்கு அப்போது அது புரியவில்லை. டிவி வாங்கி அத்தனை வருஷத்தில் அந்தக் கண்ணாடிக்குள் அம்மாவுக்கு மொழிபெயர்க்காமல் புரிந்த முதல் விஷயம் அதுதான் என்பது பின்னால்தான் தோன்றியது.

எதிர் வீட்டில் ஒரு மராத்திக் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை நான் காகூ என்பேன், மராத்தியில் சித்தி மாதிரி. காகூவும் அம்மாவும் வருஷக்கணக்காக ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதோடு சரி. சங்கராந்திக்கு எள்ளுருண்டை வரும், பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் போகும், பேச்சு போகாது. ஒரு மதியம் காகூ எதையோ திருப்பிக் கொடுக்க வந்தபோது அம்மாவின் கையில் ரிமோட் இருந்திருக்கிறது. காகூ உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம் இரண்டாவது ரிமோட் அவள் கைக்குப் போய்விட்டது.

அவர்கள் ஆடியது டாங்கி ஆட்டம். கீழே நடுவில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகுப் பொம்மை. அதைச் சுட மேல் விளிம்பிலிருந்து எதிரி டாங்கிகள் இறங்கி வரும். இரண்டு பேரும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும். சேர்ந்து காப்பாற்ற வேண்டுமானால் பேசியாக வேண்டும். அம்மா தமிழில் கத்துவாள், காகூ மராத்தியில் கத்துவாள். முதலில் பெரிய குழப்பம் வந்தது 'மேலே' என்ற வார்த்தையில். எதிரி வருவதைப் பார்த்து அம்மா "மேலே, மேலே" என்பாள். மராத்தியில் ஒரு பெண் 'மேலே' என்று சொன்னால் 'செத்தேன்' என்று அர்த்தம். காகூ பதறிப்போய் அம்மாவின் டாங்கியைத் தேடுவாள், அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அதேபோல் காகூ குண்டடிபட்டு "மீ மேலே" என்றால், அம்மா உடனே திரையின் மேல்பக்கம் குறிவைப்பாள். இரண்டு பேருக்கும் இது என்னவென்று நான்தான் விளக்கினேன். விளக்கிய பிறகு அன்றைக்கு ஆட்டமே நடக்கவில்லை. காகூ சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

'டாவீகடே' என்றால் இடது பக்கம், 'தாம்ப்' என்றால் நில். அம்மா கற்ற முதல் மராத்தி அதுதான். கொஞ்ச நாளில் அதே வார்த்தைகளை ரிக்‌ஷாக்காரரிடம் சொல்லத் தொடங்கினாள். ஓட்டுகிறவர் சொன்ன இடத்தில் நின்றதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது.

கேபிளில் தமிழ்ச் சேனல் வந்தபோது அம்மாவின் மதியங்கள் மாறிவிடும் என்று நினைத்தேன். சாயங்காலத் தொடர்கள் சிலவற்றைப் பார்த்தாள். மதியம் வீடியோ கேமுக்குத்தான்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் நான் கம்ப்யூட்டர் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தேன். அப்பா என்னைப் புதவார் பேட்டுக்கு அழைத்துப் போனார். மின்சாமான் கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில் பாகம் பாகமாகப் பொறுக்கி எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் பூட்டித் தந்தார்கள். உள்ளறையில் மேஜை போட்டு, பூப்போட்ட உறை தைத்து அதை வைத்தோம். படிப்புக்கு வாங்கினது, யாரும் தொடக் கூடாது என்று அப்பா சொன்னார். யாரும் என்று அவர் சொன்னது விருந்தாளிகளைத்தான். அம்மா அதைத் தனக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

படிப்புக்கு வாங்கியதில் நான் முதல் வாரமே ஆட்டம் ஏற்றினேன். கல்லூரியில் சி.டி. கைமாறிக்கொண்டே இருக்கும். கட்டிகளும் டாங்கிகளும் விளையாடிப் பழகியவளுக்கு அது வேறு உலகம். ஒரு ஊரையே கட்டலாம். காடு வெட்டலாம், வயல் வைக்கலாம், கதையை வாசித்துக்கொண்டு நாள்கணக்கில் போகலாம், விட்ட இடத்திலிருந்து மறுநாள் தொடரலாம். நான் சந்தோஷமாகத்தான் மாறினேன். திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பழைய ஆட்டம் விரலில் இருந்தது, புதியது வாசிப்பதில் இருந்தது. என் ஆங்கிலத்தில் பாதி அங்கிருந்து வந்தது.

வீட்டில் ஒன்று மட்டும் மாறியிருந்தது. வீடியோ கேம் இருந்தது ஹாலில். வயரைத் தாண்டித்தான் அப்பா டீ எடுத்துக்கொண்டு போவார், போகிற போக்கில் ஏதாவது சொல்லிவிட்டுப் போவார், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். கம்ப்யூட்டர் இருந்தது உள்ளறையில், சுவரோரம். அதன் முன்னால் உட்கார்ந்தால் வீட்டுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். நாற்காலியும் ஒன்றுதான்.

அதே வருஷம் காகூவின் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அவர்கள் சாதாராப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். அம்மா கொஞ்ச நாள் தனியாகக் கட்டிகளை அடுக்கினாள். பிறகு வீடியோ கேமில் படம் உருளத் தொடங்கியது. ஊதியும் நிற்கவில்லை. கட்கி பஜாரில் பழுதுபார்க்கும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதையெல்லாம் இப்போது யார் பார்க்கிறார்கள், கம்ப்யூட்டர்தான் வந்துவிட்டதே என்று கடைக்காரர் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தார்.

கட்டிகள் விழுகிற ஆட்டம் கம்ப்யூட்டரிலும் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். கீபோர்டில் எந்தப் பொத்தான் எதற்கு என்று குனிந்து பார்ப்பாள், நிமிர்வதற்குள் கட்டிகள் உச்சிவரை ஏறியிருக்கும். தோற்றதும் திரையில் ஒரு பெட்டி வந்து ஆங்கிலத்தில் பெயர் கேட்டது. அம்மா கையை எடுத்துவிட்டாள்.

"இதுல எல்லாம் எழுத்தா இருக்கு. நீயே ஆடு" என்றாள்.

எழுந்துபோய்த் துணி மடிக்கத் தொடங்கினாள். நான் வற்புறுத்தவில்லை. பேசாத பெட்டி ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது, அதன் இடத்தில் வந்த பெட்டி கேள்வி கேட்டது. பதில் சொல்ல அவளுக்கு அந்தப் பாஷை வேண்டும். மறுபடியும் காய்கறி வண்டி முன்னால் நிற்கிற மாதிரிதான்.

இரண்டாம் வருஷ விடுமுறையில், மழையில் ஸ்கூட்டர் சறுக்கி நான் கீழே விழுந்தேன். வலது மணிக்கட்டில் எலும்பு கீறல் விட்டு மாவுக்கட்டு. வெளியே போக முடியாது, எழுத முடியாது, இடது கையால் மவுஸ் பிடித்தால் அம்புக்குறி எங்கெங்கோ ஓடியது. நான் பாதியில் விட்டிருந்த ஊர் ஒன்று கம்ப்யூட்டருக்குள் கிடந்தது. பொறுக்க முடியாமல் ஒரு மதியம் அம்மாவிடம் கெஞ்சினேன். நான் சொல்கிற இடத்தில் அழுத்தினால் போதும், எதையும் படிக்க வேண்டாம் என்றேன்.

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் சமையலறை ஸ்டூலைப் போட்டுக்கொண்டேன். மேஜையின் விளிம்பு வந்ததும் மவுஸை எப்படி மேலும் நகர்த்துவது என்று தெரியாமல் சுவர்வரை கொண்டுபோனாள். தூக்கி நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்று காட்டினேன். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டுவிட்டது. ஓர் ஆளை அழுத்தினாள். அவன் ஏதோ சொல்லிவிட்டு மரம் வெட்டப் போனான். இன்னொருத்தியை அழுத்தினாள். அவளும் ஏதோ சொல்லிவிட்டு வயலுக்குப் போனாள்.

"இவுக என்ன பாஷை பேசுதாக?" என்று கேட்டாள்.

"அது ஒரு பாஷையும் இல்லம்மா. சும்மா சத்தம். கேம் பண்ணவங்க அப்படியே விட்டுட்டாங்க."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்போ யாருக்குமே புரியாதா? உனக்கும்?"

"எனக்கும்தான்."

அம்மா நுனியிலிருந்து நகர்ந்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். அந்த ஆட்களை ஒவ்வொருவராக அழுத்திப் பேசவைத்துக் கேட்டாள்.

அந்த விடுமுறை முழுவதும் மதியங்கள் அப்படித்தான் போயின. நான் படையைத் திரட்டச் சொல்வேன், அம்மா இன்னொரு வயல் வைப்பாள். நான் எதிரி ஊரைத் தாக்கச் சொல்வேன், அங்கே பிள்ளைகுட்டி இருக்கும், பேசாமல் இரு என்பாள். வீடுகளை எல்லாம் தண்ணீர்க் கரையோரம் வரிசையாகக் கட்டினாள். ஒரு நாள் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்தபோது சோறு வடித்திருந்தது, குழம்பு இல்லை. அப்பா உள்ளறை வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். படிப்புக்கு வாங்கியது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மோர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு அவரே போய்ப் பரிமாறிக்கொண்டார்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் மதியத்தில் அந்த நாற்காலி அம்மாவுக்கு என்றாகிவிட்டது. ஆங்கில வார்த்தைகளை அவள் எழுத்துக் கூட்டிக் கற்கவில்லை. படத்தைப் பார்ப்பதுபோல் உருவத்தை வைத்து அடையாளம் கண்டாள். எது ஊரைப் பத்திரப்படுத்துவது, எது ஆட்டத்தை விட்டு வெளியே வருவது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. தெரியாத பெட்டி ஏதாவது வந்தால் திரையை அப்படியே விட்டுவிட்டு நான் வரும்வரை காத்திருப்பாள்.

படிப்பு முடிந்து புனேவிலேயே மகர்பட்டாவில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் மாதம் ஆபீஸ் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு தியேட்டருக்கு அப்பா அம்மா இருவரையும் அழைத்துப் போனேன். படம் முடிந்ததும் கூட்டம் வந்த வழியிலேயே முண்டியடித்தது. அம்மா மட்டும் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் இருந்த இன்னொரு கதவுக்குப் போனாள். அதற்கு மேலே எக்ஸிட் என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. உனக்கெப்படித் தெரியும் என்று அப்பா கேட்டார். தினமும் பார்க்கிறதுதானே என்றாள் அம்மா.

வேலைக்குப் போன பிறகு நான் ஆடுவது குறைந்து நின்றே போனது. பகல் முழுவதும் திரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அதன் முன்னால் உட்காரத் தோன்றவில்லை. ஹாலில் இரண்டு ரிமோட்டோடு உட்கார்ந்த காலம் திரும்பி வராது என்பதும் தெரிந்துவிட்டது. காகூவை அம்மா நினைக்காத நாள் குறைவு. ஒரு ஊரைக் கட்டி முடித்ததும் காட்டுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லையே என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிப் படியேறும்போதே உள்ளறையிலிருந்து அந்த ஆட்களின் சத்தம் கேட்கும். செருப்பைக் கழற்றிவிட்டு, டீயை ஊற்றிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவேன். அம்மா திரையைக் காட்டுவாள். நான் அதில் எழுதியிருப்பதைப் படித்து, அவளுக்குத் தமிழில் சொல்வேன்.